நீல மூடி

கச்சான் அடிக்கிற மாதம்,
பட்டர் ஐசிங் வேண்டாமென்றுதான் சொன்னேன்.
மணமகளின் உம்மா கேட்கவில்லை.
மூன்று தட்டு, இளரோசா,
அக்கரைப்பற்றுக்கு, அஸருக்கு முந்தி.

சாய்ந்தமருதிலிருந்து போனால்
காரைதீவு, நிந்தவூர், ஒலுவில்,
பாலமுனை, அட்டாளைச்சேனை.
மற்றவர்களுக்கு அவை ஊர்கள்.
எனக்கு ஒவ்வொன்றும்
ஒரு ரோசாப்பூ சரிந்து விழக்கூடிய இடம்.

வேகன் ஆரின் ஏசியோ
புதன்கிழமையிலிருந்து வெறுங்காற்றை ஊதுகிறது,
பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுகிறவள் மாதிரி.
கல்முனை கராஜில்
"திங்கள் கொண்டு வாங்க" என்றார்கள்.
திங்கட்கிழமை யார் கலியாணத்தில்
கேக் வெட்டுவது?

ஆகவே ஒரு டின் கேஸ்,
கழுத்தில் மீட்டர் தொங்கும் ஒரு குழாய்.
"அவர் வரல்லியா?" கேட்டான் கடைக்காரன்.
"வருவார், டின்னைப் பிடிக்க" என்றேன்.

பொனட்டுக்குள் இரண்டு பைப்.
மெல்லியது கோபக்காரன்,
அந்தப் பக்கமே போகக்கூடாது.
தடித்தவனின் தலையில்
பேனா மூடியளவில் ஒரு நீல மூடி.

முதலில் சவர்க்காரத் தண்ணீர் பூசினேன்.
ஒழுக்கை நுரை காட்டிக்கொடுக்கும்.
நுரையை எனக்குத் தெரியும்.
வெள்ளைக்கருவை அடித்தடித்து
எது நிற்கும், எது சரியும் என்று
பதினொரு வருசம் பார்த்த கை இது.

முன்பக்கம், ஒரு மூட்டில்,
கடுகளவு குமிழி.
பொறுத்துப் பொறுத்து
இன்னொன்று.

நிஸ்பாரிடம் சொல்லவில்லை.
ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி அள்ளுறியா என்பார்.
அதுவும் சரிதான்.
ஆனால் கேக்குக்குத் தேவை
ஐம்பது நிமிசம்.

எஞ்சின் ஓடியது. ஏசி நாலில். கதவெல்லாம் திறந்து.
முள் பச்சைக்குக் கீழே படுத்துக் கிடந்தது.
கொம்பிரசர் பிடித்தது, விட்டது,
பிடித்தது, விட்டது,
சொல்ல வந்ததை
வாசலில் நின்று மறந்தவன்போல.

குலுக்கித் திறந்தேன்.
உள்ளங்கையில் டின் உறைந்தது.
குளிர் என்று ஒன்றை
யாரும் எங்கும் ஊற்றுவதில்லை போல.
ஓரிடத்துச் சூட்டை அள்ளி
இன்னோரிடத்தில் கொட்டுவதுதான் வேலை.
கொட்டிய இடத்தில் நான் நின்றேன்.
மின்விசிறி ஊதிய அனலில்
முழங்கை மாவு பசையாகியது.

உள்ளே கையை நீட்டி நிஸ்பார்
"வருது, வருது" என்றார்,
ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் குரலில்.
முள் பச்சையின் நடுவில் ஏறியதும் பூட்டினேன்.
"மிச்சத்தையும் விடு, காசு குடுத்ததுதானே."
"கூடினாலும் குளிராது."
"அதெப்படி?"
சீனிப்பாகு ஒரு கொதி கூடினால்
என்னவாகும் என்று கேட்டேன்.
பிறகு அவர் பேசவில்லை.

குழாயைக் கழற்றும்போது
சீறியதில் ஒரு விரல் வெளுத்தது.

நான் ஓட்டினேன்.
பின்சீட்டை மடித்து, கேக்கை வைத்து,
பக்கத்தில் குந்தியபடி நிஸ்பார்.
காற்றுவாய் எல்லாம் பின்னுக்குத் திருப்பியிருந்தது.
வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் "மெல்ல, மெல்ல."
ஒலுவில் தாண்டும்போது
போர்த்த ஏதும் இருக்கா என்றார்.
என் முதுகு சீட்டோடு ஒட்டியிருந்தது.

மணமகளின் உம்மா
தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தா.
"பிரிஜ்ஜில வச்சா கொண்டு வந்தீங்க?"

திரும்பும்போது ஏசியை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினேன்.
அடுத்த வெள்ளி நிந்தவூரில் ஒரு வலிமா;
குளிரைச் சேர்த்து வைக்கலாம்போல
ஒரு நினைப்பு.

பாலமுனையில் குமிழியைப் பற்றிச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.
பிறகு கண்ணாடியை ஏற்றி
ஏசியைப் போட்டார்.
"போறது நிண்டாலும் போகும், ஓடினாலும் போகும்."

நடுக் காற்றுவாயைப் பிடித்து
என் முகத்துக்குத் திருப்பினார்.
வெளுத்த விரல்
அப்போதுதான் சுணைக்கத் தொடங்கியது.